உய்ந்த பின் ஓர் ஐயோ

திருச்சியில் போன மாதம் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசித் திருப்பாணாழ்வாரைக் கீழே இறக்கிவைத்தார். லோகசாரங்க முனிவர் தோளில் ஏற்றிய மனிதரை இறக்க முக்கால் மணி நேரம் போதுமா என்று வியந்தபடி நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சாளரின் பெயர் வேண்டாம். ஆளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல குரல், நல்ல ஜிப்பா. வாதம்தான் படுமோசம். கூட்டம் முடிந்து பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே "போட்டு உடைச்சுட்டாருய்யா" என்று இரண்டு பேர் மெச்சிக்கொண்டது காதில் விழுந்திராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஆழ்வார் அரங்கனைப் பாடிய அமலனாதிபிரான் பத்துப் பாட்டும் வெறும் மேனி வருணனை. கால், ஆடை, உந்தி, அரைப்பட்டை, மார்பு, கழுத்து, வாய், கண் என்று ஏறிக்கொண்டே போகும் உறுப்புப் பட்டியல். புலவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த பாதாதிகேசம், அவ்வளவே. தோற்றத்தில் மயங்குவது அன்பின் அடிப்படி. நம்மாழ்வார் தத்துவம் பேசினார், இவர் நகை பார்த்தார். நடுவில் ஷேக்ஸ்பியரையும் துணைக்கு அழைத்துவந்தார். 130ஆம் சானெட்டில் அவர் இந்த உறுப்பு வருணனையையே கேலி செய்து ஓட்டிவிட்டாராம், நாம்தான் இன்னும் வாயைப் பிளந்து ரசித்துக்கொண்டிருக்கிறோமாம். முடிவில் குரலைத் தாழ்த்தி, அனுதாபத்தோடு ஒரு வார்த்தை: வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் திடீரென்று உள்ளே போனால் பளபளப்பில்தானே கண் போகும்? காணாததைக் கண்டவர் பாட்டு வேறு எப்படி இருக்கும்? அரங்கில் கைதட்டல்.

அந்த அனுதாபத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பாட்டு.

புத்தகத்தைத் திறந்து, பத்துப் பாட்டிலும் கடைசி அடியை மட்டும் பாருங்கள். எழுவாய், பயனிலை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த இலக்கணம் போதும். ஷேக்ஸ்பியர் வரை போகவேண்டாம். பட்டியல் போடுகிறவன் 'இதைப் பார்த்தேன், இது இப்படி இருந்தது' என்பான். பார்ப்பவன் அவன், பார்க்கப்படுவது உறுப்பு. அமலனாதிபிரானில் ஒரு பாட்டுகூட அப்படி முடியவில்லை. முதல் பாட்டில் திருவடி தானே வந்து அவர் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டாவதில் அவருடைய சிந்தனை எழுந்து அந்தச் சிவந்த ஆடையின்மேல் போய்விடுகிறது. மூன்றாவதில் உயிரே உந்தியின்மேல் இருக்கிறது. நான்காவதில் வயிற்றில் கட்டிய உதரபந்தம் உள்ளத்துக்குள் புகுந்து, சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் உலாவுகிறது. ஐந்தாவதில் மார்பு ஆளை அடிமைகொள்கிறது. ஆறாவதில் கழுத்து ஆளை உய்வித்துவிடுகிறது. செய்வதெல்லாம் உறுப்பு, செய்யப்படுகிறவர் ஆழ்வார். ஐந்தாம் பாட்டின் நடுவில் தன் வாயால் ஒன்று சொல்கிறார்: இதற்கு என்ன கடுந்தவம் செய்திருப்பேனோ, தெரியவில்லை என்று. பட்டியல் எழுதுகிறவனுக்கு இந்தக் குழப்பம் ஏன் வருகிறது?

ஆறாம் பாட்டில் கொஞ்சம் நில்லுங்கள். பேச்சாளர் நிற்கவில்லை, கழுத்து என்று சொல்லி வாய்க்குத் தாவிவிட்டார். இந்தக் கழுத்தின் நிறம் என்ன? வடிவம் என்ன? சங்கா, கமுகா? ஒன்றும் சொல்லப்படவில்லை. அது அண்டங்களையும் நிலத்தையும் மலைகளையும் மொத்தமாக விழுங்கிய கழுத்து என்பது மட்டும் வருகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். டகர ணகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு, நம் தொண்டையும் எதையோ விழுங்குவதுபோல் அசையும். மேனி வருணனையாம்! கண்ணுக்கு அங்கே எந்தக் காட்சியும் தரப்படவில்லை, தொண்டைக்குத்தான் வேலை.

அதைவிடப் பெரிது, இந்தப் பாட்டு நிற்கும் இடம். ஆறாவதில் உய்ந்தாயிற்று. பக்திப் பாட்டுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? மங்களம் பாடி முடித்திருக்கலாம். ஆனால் தொல்லை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். ஏழாவதில் சிவந்த வாய் சிந்தையைத் திருடுகிறது, கூடவே ஓர் 'ஐயோ'. எட்டாவதில் கண்கள் அவரைப் பேதையாக்குகின்றன. ஒன்பதாவதில் நீல மேனி நெஞ்சின் நிறையைக் கொண்டுபோகிறது, மறுபடி ஓர் 'ஐயோ'. நிறை என்பது அகப்பாட்டுக்காரர்களின் சொல். மனத்தை வெளியே கசியவிடாமல் பிடித்துவைக்கும் அடக்கம் அது. அது போய்விட்ட நிலைக்கு வள்ளுவர் 'நிறையழிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 126ஆவது. காப்பாற்றப்பட்ட பிறகு கொள்ளைபோகிற மனிதரின் கதை இது. கரை சேர்த்த கையே பிடித்து உள்ளே தள்ளுகிறது. இந்தத் திருப்பத்தை நகைப் பட்டியல் என்று படிக்க ஒரு தனித் திறமை வேண்டும்.

இன்னொன்று. 'அடியேன்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் பாட்டில் வருகிறது, ஐந்தில் வருகிறது, ஆறில் வருகிறது. ஏழிலிருந்து கடைசிவரை ஒருமுறைகூட இல்லை. 'என்னை', 'என்' என்றே போகிறது. திருவரங்கத்தில் பழகியவர்களுக்கு 'அடியேன்' எவ்வளவு அனிச்சையாக வாயில் வரும் என்பது தெரியும். டெலிபோனை எடுத்தாலே அதுதான் முதலில் வரும். அந்த மரியாதைச் சொல் ஒரு மனிதருக்கு நழுவிப்போகிறது என்றால் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பொருள். இது என் சொந்தக் கணக்கு. உரையாசிரியர்கள் தலையில் கட்டவில்லை. அவர்களோ முதல் மூன்று பாட்டின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பிரணவம் கிடைக்கிறது என்று மகிழ்வார்கள். கிடைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் என்னைப் பொறுத்தவரை, தொடங்கிய எழுத்துகளைவிடத் தொலைந்துபோன ஒரு சொல் அதிகம் பேசுகிறது.

நகைக்கு வருவோம். பத்துப் பாட்டிலும் தேடினால் உதரபந்தம் ஒன்று, ஆரம் ஒன்று, ஒன்பதாம் பாட்டில் ஒரு மணியாரமும் முத்துமாலையும். அவ்வளவுதான் சரக்கு. வைகுண்ட ஏகாதசி அன்று ரத்னாங்கி சாத்திக்கொண்டு உற்சவர் நம்பெருமாள் பரமபத வாசல் கடக்கும்போது கண்ணில் படுவதில் நூற்றில் ஒரு பங்கு தேறாது. ஒன்பதாம் பாட்டில் மணியும் முத்தும் வரிசையாக வந்த பிறகு வினைமுற்று எப்படி முடிகிறது? ஒருமையில். நெஞ்சைக் கொண்டுபோனது மேனி ஒன்றுதான். நகைகள் கூட வந்தன, கையெழுத்துப் போடவில்லை. முத்தைப் பார்த்து மயங்கிய ஆளாக இருந்தால் பன்மையில் அல்லவா முடித்திருப்பார்?

கறாராகச் சொன்னால், கண்ணால் பார்த்து எழுதிய வருணனை என்று எட்டாம் பாட்டின் கண்களைத்தான் காட்டலாம். கருமை, அகலம், மிளிர்வு, செவ்வரி, நீளம், பெருமை என்று ஆறு அடைமொழிகள் வரிசையாக வருகின்றன. அந்த ஓரிடத்தில்தான் அவர் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார். பார்த்ததன் பலன் பேதைமை. அதே பாட்டின் தொடக்கத்தில் அசுரன் உடலைக் கிழித்தவன் வருகிறான். கிழித்தவன் கண்களும் இவைதான். பாட்டுக்குப் பாட்டு உறுப்போடு இப்படி ஒரு பழைய கதையும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பேச்சாளர் 'புராண இட்டுநிரப்பல்' என்று தள்ளினார். ஒருவரை நேசிக்கிறவன் அவர் கையைப் பார்க்கும்போது வெறும் கையையா பார்க்கிறான்? அந்தக் கை செய்ததெல்லாம் சேர்த்துத்தான் தெரியும். அம்மாவின் விரலில் உள்ள சூட்டுத் தழும்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாதாதிகேசம் என்ற குற்றச்சாட்டு இன்னும் வேடிக்கை. மரபுப்படி என்றால் காலில் தொடங்கித் தலைமயிரில் முடிய வேண்டும். இங்கே இரண்டாம் பாட்டும் நான்காம் பாட்டும் உறுப்பே இல்லை, உடுப்பும் கட்டும். கைக்குத் தனிப் பாட்டு இல்லை, காதுக்கு இல்லை, மூக்குக்கு இல்லை. முடி அங்கங்கே போகிற போக்கில் வருவதோடு சரி. கண்ணுக்குப் பிறகு நெற்றி, கூந்தல் என்று ஏறவேண்டிய இடத்தில் ஏணியை எட்டி உதைத்துவிட்டு முழு மேனிக்குப் போய்விடுகிறார். பத்தாவதில் மேனியும் போய், ஆளே வந்து நிற்கிறான். கவிஞரின் கண் கடைசி அடிக்கு எழுவாயாவது அந்தப் பாட்டில்தான். அங்கும் வினை எதிர்மறை: இதைக் கண்ட கண் வேறொன்றைக் காணாது. தோற்றத்தைப் பற்றிய பாட்டு, பார்க்க மறுப்பதில் முடிகிறது.

நம்மாழ்வார் தத்துவம், இவர் தோற்றம் என்ற பாகப்பிரிவினையை எங்கே பதிவு செய்தார்களோ தெரியாது. திருவாய்மொழியில் ஏழாம் பத்து ஏழாம் திருவாய்மொழியைப் பேச்சாளர் புரட்டியிருந்தால் கண், மூக்கு, வாய், புருவம், புன்னகை, காதணி, நெற்றி, முகம், குழல் என்று ஒவ்வோர் உறுப்பும் முறைவைத்து வந்து ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்வதைக் கண்டிருப்பார். நம்மாழ்வார் அங்கே தலைவியின் குரலை எடுத்துக்கொள்கிறார். பாணர் அந்த வேடத்தையும் போடவில்லை. ஓர் ஆண், ஆணாகவே நின்று, இன்னொருவன் வாயையும் மேனியையும் பார்த்து 'ஐயோ' என்கிறார். இதில் உள்ள துணிச்சல் முக்கால் மணி நேரத்தில் அரை நிமிடத்துக்குக்கூடத் தகுதி பெறவில்லை.

தத்துவம்தான் வேண்டுமென்றால் வேதாந்த தேசிகரைக் கேட்கலாம், அவரைவிடப் பெரிய தத்துவக்காரர் அகப்பட மாட்டார். அவர் இந்தப் பத்துப் பாட்டுக்கென்றே 'முனிவாகன போகம்' எழுதினார். போதாதென்று 'பகவத் த்யான சோபானம்' என்று சமஸ்கிருதத்தில் தானும் அரங்கனை அடியிலிருந்து முடிவரை படிப்படியாகப் பாடினார். மேனியைக்கூட விடுங்கள், காலில் போடும் பாதுகையை மட்டும் வைத்துக்கொண்டு 1008 பாட்டு எழுதியவர் அவர். புறத்தோற்றம் அற்பம் என்று அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியர் பாவம். 1609இல் அச்சான அந்தச் சானெட்டும் ஒரு பட்டியல்தான்: கண், உதடு, மார்பு, முடி, கன்னம், மூச்சு, குரல், நடை. அவர் கேலி செய்தது பார்ப்பதை இல்லை, பார்க்காமல் உவமை அடுக்குவதை. என் காதலி தரையில்தான் நடக்கிறாள் என்று சொல்ல, அவள் நடப்பதைப் பார்த்திருக்க வேண்டும். பாணரின் பத்துப் பாட்டில் உவமைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: பாதத்துக்குத் தாமரை, ஆடைக்கு அந்தி, மேனிக்கு மலையும் மேகமும், இன்னும் ஒன்றிரண்டு தேடினால் கிடைக்கலாம். இரண்டு கவிஞரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாகப் பேச்சாளர் கண்டது எந்தக் கண்ணாடியில் என்று தெரியவில்லை.

ஏன் உறுப்பு உறுப்பாக வருகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் போதும். மூலவரான பெரிய பெருமாள் மேற்கே தலை, கிழக்கே கால் வைத்துத் தெற்கு பார்த்துப் படுத்திருக்கிறார். வாசலில் நிற்கிற நமக்கு வலது பக்கம் திருவடி, இடது பக்கம் திருமுகம். உள்ளே இருட்டு. கரிய மேனி. ஒரே பார்வையில் முழுசாக அகப்படாத நீளம். பட்டர் விளக்கை எங்கே காட்டுகிறாரோ அங்கே மட்டும் ஒரு துண்டு தெரியும். விளக்கு நகர்ந்தால் அது போய் அடுத்தது வரும். பார்த்தோம் என்று மனம் சொல்வதற்குள் பின்னாலிருந்து "நகருங்கோ, நகருங்கோ". அரங்கனைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். ஆழ்வார் காலத்தில் விளக்கு எப்படிக் காட்டினார்கள் என்பதற்கு நான் சாட்சி சொல்ல வரவில்லை. இருட்டும் நீளமும் அன்றைக்கும் அப்படித்தானே இருந்திருக்கும். இந்த ஊர் தோற்றத்தில் விழுந்தவர்களைத் தள்ளிவைக்கிற ஊரும் இல்லை. விக்கிரகத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுத்தாள் என்று கதை சொல்லப்படும் சுல்தான் மகளுக்கே, துலுக்க நாச்சியார் என்று கோயிலுக்குள் இடம் ஒதுக்கி, சுவரில் சித்திரமாக வைத்திருக்கிறார்கள். பிரசாதமாக ரொட்டியும் உண்டு.

இனி அந்த அனுதாபம்.

காவிரியின் தென்கரையில் நின்று பாடிய பாணர், தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர், வழி விடச் சொல்லி அவர் வீசிய கல், அரங்கன் நெற்றியில் ரத்தம், பிறகு முனிவர் தோளில் ஏறிய ஊர்வலம் என்று திருச்சிப் பிள்ளைகளுக்குப் பாட்டி மடியிலேயே தெரிந்துவிடும் கதை. பாட்டில் இதில் ஒரு சொல் இல்லை. ஆறு இல்லை, கல் இல்லை, தோள் இல்லை, குலமும் இல்லை. பேச்சாளர் பத்துப் பாட்டையும் மூடிவைத்துவிட்டுக் கதையைப் படித்தார். கதையிலிருந்து ஓர் ஏழையைக் கற்பனை செய்துகொண்டார். அந்த ஏழையின் கண்ணைப் பாட்டுக்குள் செருகினார். இதற்குப் பெயர் நுண்வாசிப்பாம்.

சரி, கதையையே எடுத்துக்கொள்வோம். அவர் பாணர், உறையூர்க்காரர். பாணன் என்றால் என்ன தொழில்? யாழும் கண்ணும்தான் தொழில். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் யாழின் ஒவ்வொரு பாகமும், கூட வரும் பாடினியின் கூந்தல் தொடங்கிப் பாதம் வரையும் அங்குலம் அங்குலமாக வருவதைப் படித்தவர்களுக்குத் தெரியும். அரசவைகளில் பட்டும் பொன்னும் பரிசு வாங்கி, அவற்றை ஒரு பார்வையில் எடைபோட்டுப் பாட்டில் வைத்துப் பழகிய மரபு அது. பளபளப்பைக் காணாதவர்களாம் இவர்கள்! அந்த மரபில் வந்த ஒருவர் மணியாரத்தையும் முத்துமாலையையும் ஓரமாக நிறுத்திவிட்டு வெறும் மேனியைப் பார்த்து 'ஐயோ' என்றால், அது தெரியாமல் வந்த வாய்பிளப்பு ஆகாது. தெரிந்தவன் தோற்றது.

புறத்தோற்றம் முக்கியமில்லை, உள்ளே தேடு என்று யார் யாருக்குச் சொல்வது வழக்கம் என்பதையும் கவனியுங்கள். வாசலில் நின்றவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் வரிசையில் நாற்காலி உள்ளவர்தான் சொல்வார். மூன்று வேளையும் சாப்பிட்டவர் பசி ஓர் அற்ப உணர்ச்சி என்பதுபோல. அன்றைக்கு மேடையில் நடந்ததும் அதுதான். காணாததைக் கண்டவர் என்று சொன்ன வாயில் இருந்தது இரக்கம் என்று கைதட்டியவர்கள் நினைத்தார்கள். அந்தப் பழைய கல்லை அவர் அரங்குக்குள் கொண்டுவந்து, பன்னீர் தெளித்து மறுபடி வீசியிருக்கிறார். இந்தத் தடவை தண்ணீர் எடுக்க வழி விடச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆழ்வார்களின் பதிகங்களில் கடைசிப் பாட்டு பெரும்பாலும் கவிஞருக்கு ஒதுக்கப்பட்டது. ஊர், பேர், இத்தனை பாட்டு, இதைப் பாடினால் இன்ன பலன். ஆண்டாள் தன் தகப்பனார் பேரோடு கையெழுத்திடுவாள். நம்மாழ்வார் குருகூரைச் சொல்லி ஆயிரத்தில் இந்தப் பத்து என்று கணக்கும் வைப்பார். அமலனாதிபிரானில் பெயரும் இல்லை, பலனும் இல்லை. வேறொன்றையும் காணமாட்டேன் என்ற கண்ணுக்குத் தன் பெயரும் அந்த வேறொன்றில் அடக்கம் போலும். மேடைக்குப் பின்னால் எட்டடி பேனரில் தன் படத்தைப் போட்டுக்கொண்டு, தோற்றம் அற்பம் என்று பேசியவருக்கு இது கண்ணில் படாமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

கூட்டம் நடந்த வாரத்தில் திருவரங்கம் போயிருந்தேன். ஆனியில் ஜேஷ்டாபிஷேகம் முடிந்து தைலக்காப்பு சாத்தியிருந்தார்கள். மூலவர் சுதைத் திருமேனி, திருமஞ்சனம் கிடையாது, தைலம்தான். அது உலர்கிறவரை 48 நாள் திருமுக சேவை மட்டும், திருவடி திரைக்குள். எனக்கு முன்னால் நின்றிருந்த அம்மாள் முசிறிப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. கையில் துணிப்பை, காலில் வெடிப்பு. இலவச வரிசையில் இரண்டு மணி நேரம். உள்ளே போனதும் இடது பக்கம் பார்க்கவே இல்லை, நேராக வலது பக்கம் திரும்பினார். அங்கே திரை.

"காலு தெரியலியே சாமி" என்றார் பட்டரைப் பார்த்து.

"தைலக்காப்பும்மா. முகம் சேவிச்சுக்கோங்கோ."

சேவித்தார். வெளியே கிளி மண்டபத்துக்கு வந்த பிறகும் முகம் தெளியவில்லை. "மொகம் பாத்தாச்சு, ஆனா காலத்தானே மொதல்ல பாக்கணும்" என்று என்னிடம் சொன்னார், நான்தான் திரையைக் கட்டியவன்போல. மறுபடி எப்போது தெரியும் என்று கேட்டார். ஆவணி பிறந்த பிறகு விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்றேன். விரல் கணுக்களில் வாரத்தை எண்ணினார். அறுப்பு வேலை எதுவும் குறுக்கே வராது, வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துணிப்பைக்குள் கையை விட்டுப் பஸ்ஸுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்.